சீரான முடுக்கக் கணக்குகள்: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

மதுரை ஒத்தக்கடையில் சாயங்கால நேரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இயக்கவியல் பாடம் ஆரம்பித்தால் போதும், ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எழுத்துகளை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். யூ என்றால் தொடக்கத் திசைவேகம், வி என்றால் இறுதித் திசைவேகம், ஏ முடுக்கம், டி நேரம், எஸ் இடப்பெயர்ச்சி. கணக்குகளில் வரும் எண்கள் எல்லாம் விடை சுத்தமாக வருவதற்காக நான் போட்டவை.

1. சார், சீரான வேகம், சீரான முடுக்கம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகிற வண்டிக்கு முடுக்கமே கிடையாது, ஸ்பீடாமீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கும். சீரான முடுக்கம் என்றால் முள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒவ்வொரு விநாடியும் ஒரே அளவு நகரும். மதுரை ஜங்ஷனில் நின்றிருந்த ரயில் 0.5 மீ/விநாடி² முடுக்கத்தோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 விநாடி முடிவில் வேகம் 0.5 மீ/விநாடி, 2 விநாடியில் 1, 10 விநாடியில் 5, 20 விநாடியில் 10, அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகம் மாறுகிறது, மாறுகிற வீதம் மாறவில்லை.

நிஜ ரயில் இவ்வளவு ஒழுங்காகக் கடைசி வரை போகாது. கிளம்பின புதிதில் இழுவிசை ஏறக்குறைய மாறாமல் இருக்கும், வேகம் கூடக் கூட அது குறைந்துவிடும். அதனால் முதல் சில விநாடிகளுக்கு நம் கணக்கு பொருந்தும், அப்புறம் பொருந்தாது. "எதுவரைக்கும் பொருந்தும்" என்கிற இந்தக் கேள்வியை மனதில் வையுங்கள், கேள்வி 10-ல் இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

2. அந்த நாலு ஃபார்முலாவும் எங்கேருந்து வந்துச்சு? மனப்பாடம் பண்ணா போதாதா?

மனப்பாடம் பண்ணலாம், தப்பில்லை. ஆனால் நாலில் இரண்டுதான் அசல். ஒன்று, முடுக்கம் என்பதன் வரையறையே: வி = யூ + ஏ டி. இன்னொன்று, திசைவேகம்–நேரம் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்பு. முடுக்கம் சீராக இருந்தால் அந்தக் கோடு நேர்கோடு, கீழே வருவது சரிவகம், அதன் பரப்பு எஸ் = ½ (யூ + வி) டி. இந்த இரண்டிலிருந்து வி-யை நீக்கினால் எஸ் = யூ டி + ½ ஏ டி² வரும், டி-யை நீக்கினால் வி² = யூ² + 2 ஏ எஸ் வரும். ஒரு தடவை கையால் செய்து பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை.

இதைச் சோதித்துக் காட்டியவர் கலிலியோ. அவர் காலத்தில் விநாடியைத் துல்லியமாக அளக்கக் கடிகாரம் இல்லை, நேராக விழுகிற பொருளோ கண்மூடித் திறப்பதற்குள் தரைக்கு வந்துவிடும். அதனால் சாய்ந்த பலகையில் வழவழப்பான பள்ளம் செதுக்கி, அதில் வெண்கலக் குண்டை உருட்டி, இயக்கத்தை மெதுவாக்கினார். நேரத்துக்கு, ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று வந்தது. 1638-இல் அவர் அச்சிட்டு வெளியிட்டது இதைத்தான். அடுத்தடுத்த சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்கிற விகிதத்தில் போகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கேள்வி 12-க்கு இது உதவும்.

3. நாலு ஃபார்முலால எதை எடுக்குறதுண்டு எப்படித் தெரியும்? எனக்கு எப்பவுமே குருட்டாம்போக்குதான்.

அஞ்சு எழுத்தையும் கீழே கீழே எழுதுங்கள். தெரிந்ததற்கு எதிரே எண், கேட்டதற்கு எதிரே கேள்விக்குறி. சாதாரணக் கணக்கில் மூன்று தெரியும், ஒன்று கேட்டிருப்பார்கள், மிச்சம் ஒன்றைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்தப் பேச்சே இல்லாத எழுத்து எந்தச் சமன்பாட்டில் இல்லையோ அதை எடுங்கள், அவ்வளவுதான். நேரம் பற்றிப் பேச்சில்லையா, வி² = யூ² + 2 ஏ எஸ். இடப்பெயர்ச்சி பற்றிப் பேச்சில்லையா, வி = யூ + ஏ டி. இறுதித் திசைவேகம் இல்லையா, எஸ் = யூ டி + ½ ஏ டி². முடுக்கம் இல்லையா, சராசரி போட்ட பரப்புச் சமன்பாடு. யூ இல்லாமல் ஒன்று வேண்டுமானால் எஸ் = வி டி − ½ ஏ டி² என்று அஞ்சாவதும் இருக்கிறது, பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

உதாரணம்: கோரிப்பாளையம் சிக்னலில் 54 கி.மீ./மணி வேகத்தில் வந்த பஸ் 25 மீட்டருக்குள் நிற்கிறது, முடுக்கம் என்ன? யூ = 15 மீ/விநாடி, வி = 0, எஸ் = 25, ஏ கேள்விக்குறி, டி பற்றிப் பேச்சில்லை. 0 = 225 + 50 ஏ, ஆக ஏ = −4.5 மீ/விநாடி².

4. கணக்குல மூணு நம்பரே குடுக்கலையே சார், ஒண்ணுதான் இருக்கு?

மிச்ச இரண்டும் வார்த்தையில் ஒளிந்திருக்கும். "ஓய்வு நிலையிலிருந்து" என்றால் யூ = 0. "நின்றது" என்றால் வி = 0. "அதிகபட்ச உயரம்" என்றால் அந்த இடத்தில் வி = 0. "எறிந்தவர் கைக்கே திரும்பியது" என்றால் எஸ் = 0. "தடையின்றி விழுகிறது" என்றால் முடுக்கத்தின் அளவு 9.8 மீ/விநாடி², இந்தப் புவியீர்ப்பு முடுக்கத்தைத்தான் ஜி என்கிறோம். கணக்கைப் படிக்கும்போதே பென்சிலால் இந்த வார்த்தைகளுக்கு அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

"விழுந்தது" என்கிற வார்த்தையில் மட்டும் உஷார். தரையில் மோதிய பிறகு வி = 0 என்று சிலர் எழுதுகிறார்கள். மோதல் தனிக்கதை, அந்த நேரத்தில் முடுக்கமே வேறு. நமக்கு வேண்டியது தரையைத் தொடுகிற அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற வேகம்.

5. கிலோமீட்டர்லேயே போட்டா என்ன ஆகும்? கடைசில மாத்திக்கிறலாம்ல?

எல்லாமே கி.மீ., மணி என்று இருந்தால் போடலாம். ஆனால் முடுக்கம் மீ/விநாடி²-இல் கொடுத்திருப்பார்கள், வேகம் மணிக்கணக்கில் இருக்கும், இரண்டையும் ஒரே வரியில் கூட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. முதல் வேலையாக 5/18-ஆல் பெருக்கிவிடுங்கள். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. தேர்வில் பெரும்பாலும் இந்த நாலுதான் சுற்றிச் சுற்றி வரும்.

6. மைனஸ் எப்பப் போடணும்? வேகம் குறைஞ்சா ஏ-க்கு மைனஸ், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை, இந்தப் பாடத்திலேயே அதிக மார்க் போகிற இடம் இதுதான். மைனஸ் என்பது திசையைச் சொல்கிறது, குறைவதைச் சொல்லவில்லை. கணக்கைத் தொடும் முன் ஒரு கோடு போட்டு, அதில் எந்தப் பக்கம் பிளஸ் என்று அம்புக்குறி போடுங்கள். எந்தப் பக்கமும் எடுக்கலாம், எடுத்த பிறகு கணக்கு முடிகிற வரை மாற்றக் கூடாது.

மதுரையிலிருந்து திண்டுக்கல் பக்கம் பிளஸ் என்று வைப்போம். மதுரையை விட்டுக் கிளம்பி வேகம் கூட்டுகிற ரயிலுக்குத் திசைவேகம் பிளஸ், முடுக்கமும் பிளஸ். அதே ரயில் சமயநல்லூர்ப் பக்கம் பிரேக் போட்டால் திசைவேகம் பிளஸ், முடுக்கம் மைனஸ். இதுவரை உங்கள் விதி சரிதான். இப்போது திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வருகிற ரயிலைப் பாருங்கள். அது பிளாட்பாரத்தை நெருங்கி வேகத்தைக் குறைக்கும்போது திசைவேகம் மைனஸ், முடுக்கம் பிளஸ்! வேகம் குறைகிறது, ஆனால் ஏ பிளஸ். யூ = −20, ஏ = +0.5 என்று போட்டால் 40 விநாடியில் வி = −20 + 20 = 0, சரியாக நிற்கிறது. உங்கள் விதிப்படி ஏ = −0.5 என்று போட்டிருந்தால் வி = −40, நிற்க வேண்டிய ரயில் இரண்டு மடங்கு வேகத்தில் ஜங்ஷனைத் தாண்டிப் போயிருக்கும்.

திசைவேகத்துக்கும் முடுக்கத்துக்கும் ஒரே குறி என்றால் வேகம் கூடும், வேறு வேறு குறி என்றால் குறையும். "எதிர் முடுக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக மைனஸ் போடுகிறது, அந்தப் பழக்கத்தை விட்டால்தான் அடுத்த இரண்டு கேள்விகளும் விளங்கும்.

7. மேல எறிஞ்ச கல்லு உச்சியில ஒரு நிமிஷம் நிக்குதுல்ல, அப்ப முடுக்கமும் ஜீரோதானே?

நிமிஷம் எல்லாம் இல்லை, கணம்கூட இல்லை. அங்கே திசைவேகம் பூஜ்யம், முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8. திசைவேகமும் பூஜ்யம் முடுக்கமும் பூஜ்யம் என்றால் அந்தக் கல் அங்கேயே அந்தரத்தில் தொங்க வேண்டும், யானைமலை உச்சிக்குப் போய் எறிந்தாலும் அப்படி நடக்கப்போவதில்லை. பூமி இழுப்பதைக் கல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நிறுத்துவதில்லை.

8. மேல போறப்ப ஜி மைனஸ், கீழ வர்றப்ப ஜி பிளஸ். எங்க ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

இயக்கத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் போகிற திசையையே பிளஸாக எடுத்தால் அது சரிதான். வெட்டாமல் ஒரே வரியில் போடும்போது நடுவில் குறியை மாற்றினால் கணக்கு கெட்டுப்போகும். மேலே பிளஸ் என்று முடிவு செய்தால் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் ஏ = −9.8 மட்டும்தான்.

15 மீட்டர் உயர மொட்டை மாடி ஓரத்திலிருந்து ஒரு பந்தை நேர் மேலே 10 மீ/விநாடியில் எறிகிறோம், அது மாடியைத் தாண்டிக் கீழே தெருவில் விழுகிறது, எவ்வளவு நேரம்? ஜி = 10 என எடுப்போம். தொடங்கிய இடத்தைவிட 15 மீட்டர் கீழே முடிகிறது, அதனால் எஸ் = −15. சமன்பாடு: −15 = 10 டி − 5 டி². சுருக்கினால் டி² − 2 டி − 3 = 0, டி = 3 விநாடி. வெட்டியும் சரிபார்க்கலாம்: மேலே 1 விநாடியில் 5 மீட்டர் ஏறுகிறது, அங்கிருந்து 20 மீட்டர் விழ 2 விநாடி, மொத்தம் 3.

ஒன்றைக் கவனியுங்கள், பந்து கடந்த தூரம் 5 + 20 = 25 மீட்டர், ஆனால் சமன்பாட்டில் போட்டது −15. எஸ் என்பது இடப்பெயர்ச்சி, நடந்த தூரம் இல்லை. பொருள் திரும்பி வராத கணக்குகளில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் மறந்தே போகிறது.

9. அந்தக் கணக்குல டி = −1ன்னு இன்னொரு விடை வருதே, அதைச் சும்மா அடிச்சிரலாமா?

அடிக்கலாம், ஆனால் ஏன் என்று தெரிந்து அடியுங்கள். சமன்பாட்டுக்கு "நான் இப்போதுதான் எறிந்தேன்" என்பது தெரியாது, அந்தப் பந்து எப்போதுமே ஜி-யில் பறந்துகொண்டிருக்கிறது என்றே அது நினைக்கிறது. நாம் எறிவதற்கு 1 விநாடி முன்னால் தெருவில் நின்ற ஒருவர் 20 மீ/விநாடியில் எறிந்திருந்தால், பந்து சரியாக நம் கை உயரத்தை 10 மீ/விநாடியில் தாண்டியிருக்கும். போட்டுப் பாருங்கள்: வி² = 400 − 2 × 10 × 15 = 100. கணித ரீதியில் நிஜமான விடை, நம் கதைக்கு வெளியே இருக்கிறது, அதனால் தள்ளுகிறோம்.

இரண்டு விடையும் பிளஸாக வந்தால் தள்ளக் கூடாது. தரையிலிருந்து 20 மீ/விநாடியில் எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும் என்றால் 1 விநாடி, 3 விநாடி என்று இரண்டு வரும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

10. பிரேக் போட்ட பஸ் கணக்குல விடை தப்புண்டு போட்டுட்டாங்க, ஃபார்முலா கரெக்டாத்தான் போட்டேன்.

கணக்கு இதுதானே: 20 மீ/விநாடியில் போகும் பஸ் 5 மீ/விநாடி² வீதம் வேகம் குறைகிறது, பிரேக் போட்ட 6 விநாடிகளில் எவ்வளவு தூரம் போகும். நீங்கள் 20 × 6 − ½ × 5 × 36 = 30 மீட்டர் என்று போட்டிருப்பீர்கள். ஆனால் பஸ் 4 விநாடியிலேயே நின்றுவிட்டது, 40 மீட்டர் போய். மிச்ச 2 விநாடி அது சும்மா நிற்கிறது. விடை 40.

30 எப்படி வந்தது? நின்ற பிறகும் அதே முடுக்கம் தொடர்கிறது என்று சமன்பாடு எடுத்துக்கொண்டு, பஸ்ஸை 10 மீட்டர் பின்னால் நகர்த்திவிட்டது. பிரேக்கும் உராய்வும் நிறுத்தும், பின்னால் தள்ளாது. கல்லுக்கு அப்படி இல்லை, உச்சியிலும் புவியீர்ப்பு இருப்பதால் (கேள்வி 7) அது நிஜமாகவே திரும்பி வருகிறது, அங்கே ஒரே சமன்பாடு முழுப் பயணத்துக்கும் ஓடும். பிரேக் கணக்கு வந்தாலே முதலில் நிற்கிற நேரத்தைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் கேட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

11. ஸ்பீடு ரெட்டிப்பானா பிரேக் தூரமும் ரெட்டிப்பாகும், சரிதானே அண்ணே?

இதைக் கேட்டவர் ஒரு வேன் டிரைவர், பையனைக் கூட்டிப்போக வந்தவர். ரெட்டிப்பு இல்லை, நாலு மடங்கு. வி = 0 என்று போட்டால் எஸ் = யூ² ÷ (2 × முடுக்கத்தின் அளவு), வேகம் வர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 5 மீ/விநாடி² வீதம் குறைந்தால் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 12 மீட்டர், 80-க்குச் சுமார் 49 மீட்டர்.

இது பிரேக் பிடித்த பிறகு போகிற தூரம் மட்டும். முன்னால் மாடு வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக 1 விநாடி ஆகிறது என்றால், அந்த 1 விநாடியில் 80 கி.மீ. வேகத்தில் 22 மீட்டர் சும்மா ஓடிவிடும். இந்தப் பகுதி வேகத்தோடு நேராகத்தான் கூடும். ஆக மொத்தம் 71 மீட்டர். திருமங்கலம் நாலுவழிச் சாலையில் முன்வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்று அவரையே கேட்டேன், பதில் சொல்லாமல் சிரித்தார்.

12. "5 விநாடியில்", "5-ஆவது விநாடியில்" ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

"5 விநாடிகளில்" என்றால் 0 முதல் 5 வரை. "5-ஆவது விநாடியில்" என்றால் 4 முதல் 5 வரை, ஒரே ஒரு விநாடி. ஓய்விலிருந்து 2 மீ/விநாடி² முடுக்கம் என்றால் 5 விநாடிகளில் 25 மீட்டர், 4 விநாடிகளில் 16, ஆக 5-ஆவது விநாடியில் 9 மீட்டர். தனி ஃபார்முலா தேவையில்லை, கழித்தால் போதும். 1, 3, 5, 7, 9: கேள்வி 2-ல் சொன்ன கலிலியோவின் ஒற்றைப்படை எண்கள் இங்கேயே வரிசையாக வருகின்றன.

13. எங்க பையன் ஃபார்முலா எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்றான், கணக்கு குடுத்தா முழிக்கிறான். ஏன் தம்பி?

அம்மாக்கள் கேட்கிற கேள்வி இது. பையன்களின் நோட்டைத் திறந்து பார்த்தால் தெரியும், முதல் வரியிலேயே ஃபார்முலா இருக்கும், படம் இருக்காது. எது பிளஸ், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் முடுக்கம் மாறுகிறதா, இந்த மூன்றும் தெரியாமல் எந்த ஃபார்முலாவும் உதவாது. கணக்கு ஃபார்முலாவுக்கு முன்னாலேயே பாதி முடிந்திருக்க வேண்டும். பத்து நாள் விடையே கண்டுபிடிக்காமல், படமும் கேள்வி 3-ல் சொன்ன அஞ்சு எழுத்துப் பட்டியலும் மட்டும் போடச் சொல்லுங்கள். முனகுவான், போடட்டும்.

14. ரயில் முதல்ல ஸ்பீடு எடுக்குது, அப்புறம் ஒரே ஸ்பீடு, அப்புறம் நிக்குது. இதுக்கு எந்த ஃபார்முலா?

ஒரே ஃபார்முலா கிடையாது, மூன்று துண்டு. முடுக்கம் எங்கே மாறுகிறதோ அங்கே வெட்டுங்கள், ஒரு துண்டின் இறுதித் திசைவேகம் அடுத்த துண்டின் தொடக்கத் திசைவேகம். ஓய்விலிருந்து 0.5 மீ/விநாடி² வீதம் 40 விநாடி: வேகம் 20, தூரம் 400 மீட்டர். அதே 20-இல் 300 விநாடி: 6000 மீட்டர். பிறகு 1 மீ/விநாடி² வீதம் குறைந்து 20 விநாடியில் நிற்கிறது: 200 மீட்டர். மொத்தம் 6600 மீட்டர், 360 விநாடி, சராசரி சுமார் 18.3 மீ/விநாடி, அதாவது 66 கி.மீ./மணி.

இங்கே ½ (யூ + வி) என்று சராசரி போட்டால் தொடக்கம் 0, முடிவு 0, சராசரியும் 0 என்று வரும், ரயில் ஜங்ஷனைவிட்டு நகரவே இல்லை! அந்தச் சராசரி ஒரே முடுக்கம் உள்ள ஒரு துண்டுக்குள் மட்டுமே செல்லும். வரைபடம் போட்டால் இன்னும் சுலபம், முழுப் பயணமும் ஒரே சரிவகம், அதன் பரப்பு ½ × (360 + 300) × 20 = 6600.

15. மேல ஏறிக்கிட்டு இருக்குற பலூன்லேருந்து கல்லைச் சும்மா விட்டா யூ ஜீரோதானே?

நம் கையைப் பொறுத்தவரை பூஜ்யம், தரையைப் பொறுத்தவரை இல்லை. பலூன் 5 மீ/விநாடியில் ஏறிக்கொண்டிருந்தால் கல்லும் அதே 5-இல் ஏறிக்கொண்டுதான் இருந்தது, விட்ட கணத்தில் அந்த வேகம் எங்கும் போய்விடாது. 30 மீட்டர் உயரத்தில் விட்டால், ஜி = 10 என எடுத்து, −30 = 5 டி − 5 டி², டி = 3 விநாடி. யூ = 0 என்று போட்டால் 2.45 விநாடி என்று தப்பாக வரும். கல் முதலில் இன்னும் 1.25 மீட்டர் மேலே ஏறிவிட்டுத்தான் இறங்கும், தரையில் நிற்பவர் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

16. எங்க ஊர்க் கிணத்துல கல்லைப் போட்டு ஆழம் பார்க்கலாமா? சத்தம் வர்ற நேரத்தையும் கழிக்கணுமா?

பார்க்கலாம். 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் கல் விழ 2.02 விநாடி, சத்தம் 340 மீ/விநாடியில் மேலே வர 0.06 விநாடி, மொத்தம் 2.08. இதை முழுக்க விழுகிற நேரமாக எடுத்தால் ஆழம் 21.2 மீட்டர் என்று வரும், ஒரு மீட்டர் சொச்சம் அதிகம்.

ஆனால் பெரிய பிழை சத்தத்தில் இல்லை, உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. கல் தண்ணீரைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்ட 20 மீ/விநாடி. ஸ்டாப்வாட்சை 0.2 விநாடி தாமதமாக அமுக்கினால் 4 மீட்டர் தப்பு. சத்தத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் பல தடவை போட்டுச் சராசரி எடுங்கள். குடிக்கிற கிணறாக இருந்தால் வேண்டாம், வீட்டில் திட்டு விழும்.

17. ஃபார்முலால எடையே இல்லையே, கனமானது சீக்கிரம் விழாதா?

காற்றை விட்டுவிட்டால் விழாது. 1971-இல் அப்போலோ 15-இல் நிலவுக்குப் போன டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் விட்டுக் காட்டினார், காற்றே இல்லாத இடம், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

நம் ஊரில் காற்று உண்டு. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழுகிற கல்லுக்கு நம் சமன்பாடு 3.3 விநாடி, 115 கி.மீ./மணி என்று சொல்லும், கனமான கல்லுக்கு அது பெரிதாகத் தப்பாது. ஆனால் 1 கி.மீ. உயர மேகத்திலிருந்து விழும் மழைத்துளிக்குப் போட்டால் 140 மீ/விநாடி, மணிக்கு 500 கி.மீ.-க்கு மேல். அப்படி மழை பெய்தால் குடை தாங்காது, தலையும் தாங்காது. நிஜத்தில் பெரிய துளிகூட சுமார் 9 மீ/விநாடியில்தான் வருகிறது, ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்றின் தடை கூடி, கடைசியில் எடைக்குச் சமமாகி, முடுக்கம் பூஜ்யமாகிவிடுகிறது. முடுக்கம் சீராக இல்லை என்றால் இந்தப் பக்கத்தில் இருக்கிற எதுவும் செல்லாது.

18. ஜி-க்கு 9.8 போடவா, 10 போடவா?

கணக்கில் கொடுத்திருந்தால் அது. கொடுக்காவிட்டால் 9.8. விடைத் தெரிவுகள் எல்லாம் முழு எண்ணாக இருந்தால் 10.

19. பஸ்ஸை விரட்டிப் பிடிக்கிற கணக்குல ரெண்டு விடை வருது, எது சரி?

பெரியார் பேருந்து நிலையத்தில் பஸ் ஓய்விலிருந்து 1 மீ/விநாடி² முடுக்கத்தில் கிளம்புகிறது, 12 மீட்டர் பின்னாலிருந்து ஒருவர் 5 மீ/விநாடியில் சீராக ஓடி வருகிறார். இரண்டு பேருக்கும் ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே கடிகாரம் வையுங்கள், பாதிப் பேர் கோட்டைவிடுவது இதில்தான். ஓடுபவர் இருக்கும் இடம் 5 டி, பஸ் இருக்கும் இடம் 12 + ½ டி². சமன் செய்தால் டி² − 10 டி + 24 = 0, டி = 4 அல்லது 6. இரண்டுமே நிஜம்தான். 4-ஆவது விநாடி முடிவில் அவர் படிக்கட்டுக்கு நேராக வருகிறார், அப்போது பஸ் 4 மீ/விநாடி, இவர் 5. ஏறாமல் ஓடிக்கொண்டே இருந்தால் முன்னால் போவார், பிறகு 6-ஆவது விநாடி முடிவில் பஸ் அவரை முந்தும். "எப்போது பிடித்தார்" என்று கேட்டால் 4.

எவ்வளவு பின்னால் இருந்தால் பிடிக்கவே முடியாது என்பதையும் கேட்பார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஓடுபவர் 5-இல் நெருங்கி வந்து விநாடிக்கு 1 வீதம் குறைகிறார், ஆக 25 ÷ 2 = 12.5 மீட்டர்தான் நெருங்க முடியும், அப்புறம் விலகத் தொடங்குவார். 13 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள், வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வரும். அது கணக்குத் தப்பு இல்லை, பஸ் போய்விட்டது என்று சமன்பாடு சொல்கிற விதம்.

20. ஏ = 2 டி-ன்னு குடுத்திருந்தாங்க, வி = யூ + ஏ டி-ல போட்டேன், தப்புங்குறாங்க.

முடுக்கம் நேரத்தோடு மாறுகிறது, அதனால் கேள்வி 1-ல் சொன்ன சீரான முடுக்கத்துக்கு வெளியே வந்துவிட்டோம். ஓய்விலிருந்து 3 விநாடிக்கு நீங்கள் போட்டது 6 × 3 = 18 மீ/விநாடி, அதாவது கடைசிக் கணத்து முடுக்கம் 3 விநாடியும் இருந்தது என்று எடுத்துவிட்டீர்கள். தொகையீடு (இன்டெக்ரேஷன்) செய்ய வேண்டும்: வி = டி² = 9 மீ/விநாடி, எஸ் = டி³ ÷ 3 = 9 மீட்டர். தொகையீடு இன்னும் வரவில்லை என்றால் முடுக்கம்–நேரம் வரைபடம் போட்டு முக்கோணத்தின் பரப்பை எடுங்கள், ½ × 3 × 6, வேகம் அதே 9 வந்துவிடும்.

அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து பாய்கிற காளை, ஊஞ்சல், சுருள்வில்லில் ஆடும் எடை, எல்லாம் இந்த வகைதான். காளைக்கு ஏ என்ன என்று எழுதித் தருபவர் யாரும் இல்லை. ஊஞ்சலுக்கும் சுருள்வில்லுக்கும் அலைவுகள் பாடம் வரை பொறுக்க வேண்டும்.